ஓட்டமும் ஓசையும்

விளையாட்டு மெய்யின் தொழில். இசை செவியின் நுகர்ச்சி. ஒன்று வெட்டவெளியில் வியர்வையோடு நிகழ்வது. மற்றொன்று அரங்கினுள் அமைதியோடு கேட்கப்படுவது. இவ்விரண்டுக்கும் உறவு யாது என்று வினவுவார் உளர். ஆயின், இல்ல விளையாட்டுப் போட்டியன்று மாணவர் அணிநடை செல்லுங்கால் முரசொலி ஒரு கணம் தவறினாற் கால்களும் தவறுதலை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். ஆகவே உறவு உண்டென்பது வெளிப்படை. அவ்வுறவு எத்தகையது என்பதே ஆராய்தற்குரியது.

அணிநடைக்கு முழங்கும் முரசு நடப்பவனுக்கு உதவுவது. ஒரு போட்டியைத் தொலைவிலிருந்து காண்பார்க்கென அமைக்கப்படும் இசை யாருக்கு உதவுவது? அது ஓடுவானுடைய உழைப்பைக் காட்டுகின்றதா, மறைக்கின்றதா? வென்றவனைப் பாடுகின்றதா, முயன்றவனைப் பாடுகின்றதா? இவ்வினாக்களுக்கு விடை காண்டற்கு உலகப் புகழ் பெற்ற ஒரு போட்டியையும், அதன் பெயராலே எழுந்த இரு இசைத்தொகுதிகளையும் எடுத்துக்கொள்வோம். போட்டி, பிரான்ஸ் தேசத்தைச் சுற்றி நிகழும் ‘ரூர் டி பிரான்ஸ்’ என்னும் துவிச்சக்கரவண்டி ஓட்டம். தொகுதிகள், 1988இல் அமெரிக்கராகிய ஜோன் ரெஷ் வெளியிட்டதும், 2003இல் ஜேர்மானியராகிய கிறாவ்ற்வேர்க் குழுவினர் வெளியிட்டதுமாம்.

போட்டியின் வரலாறு

இப்போட்டி ஒரு பத்திரிகையின் விற்பனையைப் பெருக்குதற் பொருட்டுத் தோன்றியது. ‘லோட்டோ’ என்னும் விளையாட்டுப் பத்திரிகையின் ஆசிரியர் ஹென்றி டெகிராஞ், தம் உதவியாளர் ஜியோ லெபேவ்ர் கூறிய யோசனையை ஏற்று 1903இல் இதனைத் தொடங்கினார். அவ்வாண்டு யூலை 1ஆந் திகதி புறப்பட்டோர் 60 பேர். ஆறு கட்டங்களாக 2,428 கிலோ மீற்றர் ஓடி, 19ஆந் திகதி பாரிஸ் சேர்ந்தோர் 21 பேரே. வென்றவர் மொறிஸ் காறன். இறுதியாக வந்தவர் அவருக்கு ஏறக்குறைய 65 மணி நேரம் பிந்தி வந்தார். எனினும் வந்து சேர்ந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1910இல் பிறனீஸ் மலைகளும், 1911இல் அல்ப்ஸ் மலைகளும் பாதையிற் சேர்க்கப்பட்டன. 1919 தொடக்கம் முன்னணியில் நிற்பவர் மஞ்சட் சட்டை அணிதல் வழக்காயிற்று. லோட்டோ பத்திரிகை மஞ்சட் கடதாசியில் அச்சிடப்பட்டமையே அந்நிறத்துக்குக் காரணம். எல்லாருக்கும் பின்னே வருபவருக்கும் ஒரு பெயர் உண்டு. புகையிரதத்தின் கடைசிப் பெட்டியிலே தொங்கும் சிவப்பு விளக்கை நினைந்து அவரைச் ‘செவ்விளக்கு’ என்பர். இன்று இப்போட்டி 21 கட்டங்களாக மூன்று வாரம் நடைபெறுகின்றது. ஒவ்வொரு கட்டத்துக்கும் கால வரையறை உண்டு. அதனைத் தப்பவிட்டவர் வெளியேற்றப்படுவர். ஆதலாற் கடைசியாக வருபவரும் ஒரு போரை வென்றே வருகின்றார்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. இப்போட்டிக்கு இயற்கையாக உள்ள ஓசை மிகச் சிறிது. சில்லுகளின் சீறல், சங்கிலியின் கிறுகிறுப்பு, மூச்சு, வழியோரத்து மக்களின் ஆரவாரம் என்பனவே அவை. மணிக்கணக்காக நீளும் ஓட்டத்தில் ஓடுவோர் தமக்குக் கேட்பது பெரும்பாலும் தம் மூச்சே.

நவயுக இசை

‘நியூ ஏஜ்’ என ஆங்கிலத்தில் வழங்கும் நவயுக இசை, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1970களிலும் 1980களிலும் பரவிய ஒரு வகை வாத்திய இசையாகும். சொற்கள் இல்லை, அல்லது மிகச் சில. மெல்லென விரியும் இன்னிசையும், மீண்டும் மீண்டும் வரும் தொடர்களும், நீண்டு நிற்கும் நாதமும் அதன் இயல்புகள். பியானோ, கிற்றார், யாழ்வகைக் கருவிகள் ஆகியவற்றோடு, சிந்தசைசர் என்னும் இலத்திரனியல் இசைக்கருவியும் அதிற் பெருவழக்கு. மனத்தை அமைதிப்படுத்துதலே அதன் முதல் நோக்கமாயிருந்தது. 1987இல் கிராமி விருது வழங்குவோர் இதற்கெனத் தனிப்பிரிவு வகுத்தனர். முதல் விருதைப் பெற்றவர் சுவிற்சர்லாந்து யாழிசைஞர் அன்ட்றியாஸ் வொலன்வைடர்.

அமைதிக்கென எழுந்த இசை வியர்வை சிந்தும் ஓட்டத்தோடு எங்ஙனம் கூடிற்று? வழிகாட்டியவர் கிரேக்க இசையமைப்பாளர் வன்கெலிஸ். 1924ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் ஓடிய ஹரோல்ட் ஏபிரகாம்ஸ், எரிக் லிடெல் என்னும் இருவரின் கதையைக் கூறும் ‘சரியற்ஸ் ஒவ் ஃபயர்’ திரைப்படம் 1981இல் வெளிவந்தது. கடற்கரையிலே இளைஞர் ஓடும் காட்சிக்கு அவர் விரைந்த முரசை அமைத்திலர். கீழே விடாது துடிக்கும் ஓர் இலத்திரனியல் நாதமும், மேலே ஆறுதலாக நடக்கும் பியானோ இன்னிசையுமே அமைத்தார். கால் விரைய உள்ளம் அமைதியாக நிற்றலை அவ்விசை உணர்த்திற்று. 1982இல் அதற்கு ஒஸ்கார் விருது கிடைத்தது. அதன்பின், ஓட்டத்தைக் காட்டுதற்கு அத்தகைய இசையே ஏற்றது என்னும் எண்ணம் தொலைக்காட்சியாரிடத்தும் பரவியது.

கண்டவரே அமைத்த இசை

ஜோன் ரெஷ் 1952இற் பிறந்தவர். 1980களில் அமெரிக்க சீ.பீ.எஸ். தொலைக்காட்சியின் விளையாட்டுப் பிரிவிலே பணிபுரிந்து, ரூர் டி பிரான்ஸ் போட்டியை அமெரிக்க மக்களுக்கு எடுத்துரைத்தார். பியானோவிலும் பிற விசைப்பலகைக் கருவிகளிலும் வல்லவராதலின், அந்நிகழ்ச்சிக்கு வேண்டிய இசையையும் தாமே அமைத்தார். அவ்விசையிலிருந்து உருவானதே 1988இல் ‘பிரைவேற் மியூசிக்’ நிறுவனம் வெளியிட்ட தொகுதி. ஒரு போட்டியைக் கண்டு சொன்னவரே அதற்கு இசையும் அமைத்தல் அரிதாக நிகழ்வது.

அந்நிகழ்ச்சிக்கு இசை ஏன் வேண்டப்பட்டது? ஒருநாட் கட்டம் நான்கு, ஐந்து மணி நேரம் நீள்வது. அதனைச் சுருக்கிக் காட்டவேண்டின் வெட்டி ஒட்டுதல் தவிர்க்க முடியாதது. ஹெலிகொப்டரிலிருந்து எடுத்த சூரியகாந்தித் தோட்டம் ஒரு கணம். மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்த முகம் மறு கணம். மலைவளைவு பிறிதொரு கணம். இவை தொடர்பற்ற துண்டுகள். இவற்றை ஒரே ஓட்டமாக உணரச் செய்வது, காட்சிகளின் ஊடே அறுபடாது செல்லும் இசையே. மணிகளைக் கோத்த நூல் போன்றது அது. இரண்டாவதாக, துவிச்சக்கரவண்டிப் போட்டி அக்கால அமெரிக்கருக்குப் பெரிதும் பழக்கமில்லாதது. விதிகளை விளங்காதவனும் இசையை விளங்குவான். எங்கே மகிழ்தல் வேண்டும், எங்கே இரங்குதல் வேண்டும் என்பதை அது அவனுக்குச் சொல்லாமற் சொல்லியது.

ஓட்டத்தின் வண்ணங்கள்

இனி, ஓட்டத்துக்கு இசை அமைப்போன் தாளத்தை எங்கிருந்து பெறுகின்றான் என்பதைச் சிறிது கணக்கிட்டு நோக்குவோம். பயின்ற வீரன் சமவெளியிலே நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 முறை மிதிகட்டையைச் சுழற்றுவான். சுழற்சி ஒன்றுக்கு வலக்கால் ஒருமுறையும் இடக்கால் ஒருமுறையும் உந்துதலின், நிமிடத்துக்கு 180 உந்தல்கள் உளவாகும். 90 என்று கொண்டால் நடை நிதானமானது. 180 என்று கொண்டால் நடை கடுகியது. ஒரே செயலில் இரு காலமும் அடங்கியிருத்தலால், கீழே விரைந்த துடிப்பும் மேலே ஆறிய இன்னிசையுமாக அமைத்தற்கு அச்செயலே இடந்தருகின்றது. வன்கெலிஸ் காட்டிய முறை இங்கே இயல்பாகப் பொருந்துதற்குக் காரணம் இதுவே.

மாணவர் இதனை நம் யாப்பிலக்கணத்தைக் கொண்டு எளிதில் விளங்கலாம். தொல்காப்பியர் செய்யுளியலில் வண்ணம் இருபது என வகுத்தார். அவை செய்யுளின் ஓசைவகைகளேயன்றி, பிறநாட்டு வாத்திய இசைக்கு விதித்தன அல்ல. செவிக்கு ஓர் அளவுகோலாக அவற்றின் பெயர்களை மட்டும் ஈண்டு இரவல் பெறுகின்றோம். சமவெளியிற் கூட்டமாகச் செல்லும் ஓட்டம் தடையின்றி ஒழுகும் ஒழுகுவண்ணம் போல்வது. மலையேற்றம் அறுபட்டு அறுபட்டுச் செல்லும் அகைப்புவண்ணம் போல்வது. மூச்சும் அங்கே அவ்வாறே அறுபடும். மலையிறக்கம் உருட்டுவண்ணம். இறுதி நூறு மீற்றர்களில், முடிவிடம் எதுவென்று செவி அறியாவண்ணம் அடி கடந்து ஓடும் முடுகுவண்ணம். ஓட்டத்துக்கு அமைந்த எவ்விசையைக் கேட்பினும், இந்நான்கு நடைகளும் வேறுபட ஒலிக்கின்றனவா என்று நோக்குக. எல்லா இடத்தும் ஒரே எழுச்சியாக ஒலிக்குமாயின், அவ்விசை ஓட்டத்தை அறியாதது என்க.

இசை மறைக்கும் இடம்

நவயுக இசைக்கு ஒரு குறை உண்டு. அது தொட்டதையெல்லாம் அழகாக்கும். அழகாக்குங்கால் நோவை மறைத்துவிடும். இதனை என் வகுப்பறையிலேயே கண்டேன். உயர்தர வகுப்பு மாணவர் சிலருக்கு ஒரு மலையேற்றக் காட்சியை இருமுறை காட்டினேன். முதலில் இசையோடும், பின்னர் ஒலியை முற்றாக அடக்கியும். முதன்முறை கண்டபின் அனைவரும் “நல்ல வடிவு” என்றனர். இரண்டாம் முறை ஒருவரும் பேசவில்லை. சிறிது நேரங்கழித்துப் பின்வாங்கிலிருந்த ஒருவன், “சேர், அவர் வாயை மூடேலாமல் மூச்சிழுக்கிறார்” என்றான். முகமும் வாயும் முதன்முறையும் திரையிலேதான் இருந்தன. இசை அவற்றைக் காணவொட்டாது தடுத்துவிட்டது.

வரலாற்றிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். 1986இல் அல்ப் டியூவெஸ் மலையுச்சியை இருவர் கைகோத்தபடி அடைந்தனர். ஒருவர் பிரெஞ்சு வீரர் பேர்னார்ட் ஈனோ. மற்றவர் அமெரிக்கர் கிரெக் லெமொண்ட். இருவரும் ஒரே அணியினர். இருபத்தொரு கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட அம்மலையின் உச்சியில் அவர்கள் புன்னகையோடு நிற்கும் படம் உலகெங்கும் பரவியது. அக்காட்சிக்கு இனிய இசையொன்றைச் சேர்த்தாற் காண்போர் கண்ணீர் மல்குவர். நட்பின் வெற்றி என்பர். உண்மையோ வேறு. முந்திய ஆண்டு லெமொண்ட் தமக்குத் துணைநின்றமையால், இவ்வாண்டு தாம் அவருக்குத் துணைநிற்பதாக வாக்களித்திருந்த ஈனோ, போட்டியிலே அவரை மீண்டும் மீண்டும் தாக்கி ஓடினார். ஓரணியினராயினும் இருவரும் ஒருவரையொருவர் நம்பாது ஓடினர். ஈற்றில் லெமொண்ட் வென்று, இப்போட்டியில் வென்ற முதல் அமெரிக்கரானார். கோத்த கைகளுள் இருந்த கசப்பை இன்னிசை சொல்லாது. ஆதலின், இசை கூறுவதைக் கண் கூறுவதோடு ஒப்பிட்டு நோக்குதல் கேட்போன் கடன்.

உள்ளிருந்து கேட்கும் ஓசை

இனி, மற்றைத் தொகுதிக்கு வருவோம். கிறாவ்ற்வேர்க் குழு ஜேர்மனியின் டுசல்டோர்ப் நகரிலே ரால்ப் ஹூற்றர், புளோரியன் ஷ்னைடர் என்பாரால் நிறுவப்பட்டது. இவர்களின் இசையை நவயுக இசை என்றல் பொருந்தாது. அது இலத்திரனியல் இசையில் அயல்வீட்டு வகை. ஆயினும் இதே போட்டியைப் பொருளாகக் கொண்டமையால் ஒப்பிடற்குரியது. இவர்கள் பார்வையாளர் மாத்திரமல்லர். தாமே துவிச்சக்கரவண்டி ஓட்டத்தில் ஈடுபாடு மிக்கவர்கள். 1983இல் ‘ரூர் டி பிரான்ஸ்’ என்னும் தனிப்பாடலை வெளியிட்டனர். அதிலே தாளத்தோடு கலந்து கேட்பவை வண்டியின் இயந்திர ஓசையும், இழுத்து விடும் மூச்சும்.

2003இற் போட்டி தொடங்கி நூறு ஆண்டுகள் நிறைந்தன. அந்நூற்றாண்டை முன்னிட்டு இக்குழுவினர் முழுத்தொகுதி ஒன்றை அமைத்தனர். போட்டி யூலை 27ஆந் திகதி முடிந்துவிட, தொகுதியோ ஆகஸ்ட் மாதத்திலேதான் வெளிவந்தது. ஓட்டத்தைப் பாடவந்த இசை ஓட்டத்துக்குப் பிந்தி வந்தது! எனினும் ஜேர்மனியில் அது விற்பனையில் முதலிடம் பெற்றது. அதில் இதயத்துடிப்பே தாளமாக வரும் பகுதி உண்டு. உயிர்ச்சத்துக்கள், தாதுப்பொருள்கள் முதலியவற்றின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் செல்லும் பகுதியும் உண்டு.

இரு தொகுதிகளுக்கும் உள்ள வேறுபாடு இப்போது விளங்கும். ரெஷின் இசை வழியோரத்தில் நிற்பவனுடைய இசை. மலையும் வயலும் வானமும், கடந்து செல்லும் வீரனைக் கண்ட வியப்பும் அதிலே உள. கிறாவ்ற்வேர்க்கின் இசை வண்டிமேல் இருப்பவனுடைய இசை. மூச்சும் நாடியும் சங்கிலியும் அதிலே உள. வானம் இல்லை, ஏனெனிற் குனிந்து மிதிப்பவன் வானத்தைக் காண்பதில்லை. முன்னது உள்ளத்தை உயர்த்தும். பின்னது உடலை உணர்த்தும். ஒன்று மற்றொன்றினும் சிறந்தது என்று தீர்ப்புக் கூறுதல் எம் நோக்கமன்று. ஒன்றை மட்டுங் கேட்டவன் ஓட்டத்தின் பாதியையே கேட்டவன்.

வென்றவன் பெயர் இல்லாப் பாட்டு

இவ்விரு தொகுதிகளுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை வென்றவன் ஒருவனின் புகழைப் பாடவென எழுந்தவை அல்ல; ஓட்டத்தையே பாடுபொருளாகக் கொண்டவை. இது எத்துணைப் பெரிய காவலாயிற்று என்பதைக் காலம் காட்டிற்று. 2003ஆம் ஆண்டு நூற்றாண்டுப் போட்டியில் வென்றவர் என அறிவிக்கப்பட்டவர் லான்ஸ் ஆம்ஸ்ரோங். அவர் ஊக்கமருந்து பயன்படுத்தியமை வெளிப்பட்டபின், 1999 முதல் 2005 வரை அவர் பெற்ற ஏழு வெற்றிகளும் 2012இல் நீக்கப்பட்டன. அவ்விடங்களுக்கு வேறெவரும் நியமிக்கப்படவில்லை. ஆகவே நூற்றாண்டுப் போட்டியின் வெற்றியாளர் பெயர் இருக்கவேண்டிய இடம் இன்று வெறுமை. அவரைப் புகழ்ந்து ஒரு பாட்டு எழுந்திருக்குமாயின், அது இன்று பாடுவோர்க்கு நாணமாக முடிந்திருக்கும். மூச்சையும் இதயத்தையும் பாடிய இசைக்கோ யாதோர் இழுக்கும் இல்லை. 2017இல் இப்போட்டி டுசல்டோர்ப் நகரிலே தொடங்கியபோது, கிறாவ்ற்வேர்க் குழுவினர் அங்கே இசை நிகழ்த்தினர்.

தோற்றவனை நினைத்தற்கும் ஓர் ஆண்டு உண்டு. 1989இல் இறுதிநாட் காலை பிரெஞ்சு வீரர் லோறன் பின்யோன் 50 செக்கன் முன்னணியில் நின்றார். வேர்சைலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோ மீற்றர், ஒவ்வொருவராகத் தனித்தோடும் நேரப்போட்டி மட்டுமே எஞ்சியிருந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் வேட்டைத் துப்பாக்கியாற் தவறுதலாகச் சுடப்பட்டு உயிர்தப்பிய லெமொண்ட், அன்று அவ்வேறுபாட்டை முற்றாக அழித்து 8 செக்கனால் வென்றார். மூன்று வாரம், மூவாயிரத்துக்கு மேற்பட்ட கிலோ மீற்றர். வேறுபாடு எட்டே செக்கன்! இதனினும் குறைந்த வேறுபாடு இப்போட்டியின் வரலாற்றில் இல்லை. அந்த எட்டுச் செக்கனால் பின்யோனின் உழைப்புச் சிறிதாகிவிடுமா?

இவ்வினாவைத் தமிழ்ப் புலவர் முன்னரே எழுப்பியுள்ளனர். வெண்ணிப் போரிலே கரிகாலன் வென்றான். புறப்புண் நாணிய சேரன் வடக்கிருந்தான். வென்ற கரிகாலன் முன்னிலையிலேயே, நின்னினும் அவன் நல்லன் அல்லனோ என்னும் கருத்துப்படப் பாடினார் வெண்ணிக்குயத்தியார். புறநானூற்றின் 66ஆம் பாட்டு அது. வென்றவனைப் பாடுதல் யார்க்கும் எளிது. முயன்றவனைப் பாடுதற்கே நெஞ்சுரம் வேண்டும்.

நாம் செய்யற்பாலது

கல்லூரி விழாமலரிலே இதனை எழுதுதற்குக் காரணம் ஒன்றுண்டு. நமது மரதன் ஓட்டத்தில் முதல் மூவரும் மைதானத்துட் புகும்போது பாண்ட் வாத்தியம் வானதிர முழங்குகின்றது. நான்காமவன் வரும்போது ஓசை தளர்கின்றது. கடைசி மாணவன் நொண்டி நொண்டி வாயிலைக் கடக்கும்போது முரசுகள் உறையிலிடப்பட்டுவிடுகின்றன; பரிசு மேசையை நோக்கி அனைவரும் திரும்பிவிடுகின்றோம். அவனுக்குக் கேட்பது தன் மூச்சு மட்டுமே.

அவனும் அதே தூரத்தை ஓடியவன். அதே வெயிலில், முதல்வனிலும் நெடுநேரம் நின்றவன். ஆகவே பழைய மாணவரிடத்தும், விளையாட்டுப் பொறுப்பாசிரியரிடத்தும், வாத்தியக் குழு மாணவரிடத்தும் யாம் வேண்டுவது ஒன்றே: அடுத்த போட்டி தொடக்கம் கடைசி மாணவன் எல்லைக்கோட்டைத் தொடும்வரை முரசு நில்லாதொழிக. ஓட்டத்துக்கென எழும் இசை வென்றவனோடு முடிவதன்று. ஓடுவோன் ஒருவனேனும் உள்ளவரை ஒலிப்பது. அம்முரசொலி கேட்டு வரும் சிறுவன் அடுத்த ஆண்டும் ஓட வருவான்.